பல்லி சொன்னதும் சென்சார் அணைத்ததும்

1

ஒளியைத் தேடி நடந்த நடைதான் மனித வரலாறு. கல்லோடு கல் உரசித் தீப்பொறி பறந்த அந்த முதல் கணத்திலிருந்து, இருளுக்கு எதிராக மனித இனம் ஏந்திய ஒவ்வொரு சுடரும்

(விளக்கு அணைந்துவிட்டது. கையை ஆட்டினேன். எரிகிறது.)

அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிடுகிறேன். எப்படியும் அது எங்கும் போய்ச் சேர்ந்திருக்காது. இந்தக் கதை குகையில் பிறக்கவில்லை. நாமக்கல்லில், என் மைத்துனர் சென்னிமலையின் புது வீட்டுப் பூஜை அறையில் பிறந்தது. அங்கே கூரையில், அரை முட்டையைக் கவிழ்த்து ஒட்டியதுபோல் ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கிறது. சென்சார். ஆள் அசைந்தால் விளக்கைப் போடும். மூன்று நிமிடம் அசையாவிட்டால் அணைத்துவிடும்.

அதே குமிழ் என் எழுத்தறையிலும் ஒன்று உண்டு. சென்னிமலையின் அன்பளிப்பு. சுவரிலிருந்த சுவிட்சைப் பிடுங்கி, ஓட்டையைச் சிமெண்டு வைத்துப் பூசிவிட்டுத்தான் அன்பளித்தார். எழுத்தாளன் என்பவன் பெரும்பாலும் யோசிப்பவன். யோசிப்பது வேலையில் சேராது என்பது அந்தக் குமிழின் கருத்து. இருபது வருடமாக என் மனைவியின் கருத்தும் அதுதான். அவள் சுவிட்சைப் பிடுங்கவில்லை, அவ்வளவே.

2

சென்னிமலையை எப்படி அறிமுகப்படுத்துவது? சில தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

'ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள் நான்கு வைத்திருக்கும் சென்னிமலை, மண்ணின் ஆழத்தையும் மனிதர்களின் ஆழத்தையும் ஒருங்கே' — அடித்துவிட்டேன். மனிதர்களை அவர் நாலடிக்கு மேல் துளைத்ததில்லை.

'அவர் வீட்டில் சுவிட்சே கிடையாது.' இது உண்மை. வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திச் சொல்வார்:

"ஏனுங்க, எங்கூட்டுச் செவுத்துல சுவிச்சு ஒன்னு காட்டிப்போடுங்க, ஒரு ரிக்கு வண்டிய உங்க பேருக்கு எழுதித் தாரேன்."

விருந்தாளிகள் சுவர் சுவராகத் தடவி வியப்பார்கள். பிறகு கழிவறைக்குப் போவார்கள். மூன்றாவது நிமிடம் இருட்டாகும். உட்கார்ந்தபடியே இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவார்கள். வெளியே வந்து ஒருவரும் புகார் சொன்னதில்லை. அதை எந்த வாயால் சொல்வது?

'சென்னிமலைக்கு ஒரே மகள், யுவஸ்ரீ.'

இந்த வரியில்தான் தொடங்கியிருக்க வேண்டும். மாட்டிக்கொண்டிருப்பது அவள்தான்.

3

யுவஸ்ரீக்கு முட்டை ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் வேலை. கூட வேலை பார்க்கும் ராசிபுரத்துச் சிவக்குமாரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். விசாரித்தார்கள். குறை ஒன்றும் அகப்படவில்லை. சென்னிமலைக்கு அதுவே பெருங்குறையாகப் பட்டது. பையன் ஸ்கூட்டரில் வருகிறான் என்பதைத் தவிர அவரால் வேறு குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்காத மனிதர், முடிவைப் பல்லியிடம் விட்டார்.

(தெரியாதவர்களுக்கு: கேள்வியை மனதில் வைத்துக் குடும்பமே பூஜை அறையில் உட்கார வேண்டும். பல்லி கத்தினால் சம்மதம். அதற்குள் தடங்கல் எது வந்தாலும் கூடாது என்று அர்த்தம். இவர்கள் குடும்பத்தில் கூடுதலாக ஒரு விதி: பல்லி கத்தும்வரை யாரும் பேசக் கூடாது, ஆடக் கூடாது, அசையக் கூடாது.)

(இன்னொரு குறிப்பு: எண்ணெய்ப் புகை பட்டால் மார்பிள் கறுக்கும் என்று சாமி விளக்கையும் கரண்டில்தான் வைத்திருக்கிறார். அதுவும் அதே சென்சாரில்.)

(கடைசிக் குறிப்பு: சென்சார் உடம்புச் சூட்டை வைத்துத்தான் அசைவைக் கண்டுகொள்ளும். பல்லிக்கு அந்தச் சூடு கிடையாது. ஆகவே அந்த அறையில் அசைய அனுமதி பெற்ற ஒரே ஜீவன் கணக்கில் வராது.)

முந்தின நாளே யுவஸ்ரீ என்னைத் தேடி வந்தாள். நான் அவளுடைய அத்தை வீட்டுக்காரன்.

"மாமா, எல்லாரும் ஆடாம உக்காந்தா மூனே நிமிசத்துல லைட்டு போயிரும். கூடவே சாமி வெளக்கும். எங்கப்பனுக்கு அது ஒன்னு போதும்."

"நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் சுவிச்சு வெக்கச் சொல்லு, அம்மிணி."

"நல்லாச் சொன்னீங்க. என்னைய ஊட்ட உட்டே தொரத்திப்போடுவாரு. நீங்க பின்னால உக்காந்து கால மட்டும் ஆட்டிக்கிட்டே இருங்க. ஆருக்கும் தெரியாது."

"என்னைய நம்பி..."

"வேற ஆர நம்பறது? உங்களுக்குத்தான் வேலை வெட்டி ஒன்னும் இல்லீங்களே."

4

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாயசத்தோடு சாப்பாடு. மாலை ஆறு மணிக்குப் பூஜை அறை. ஜன்னல் கிடையாது, கதவைச் சாத்தினார்கள். முன்வரிசையில் சென்னிமலை, அவர் மனைவி சித்ரா, யுவஸ்ரீ. பின்னால் என் மனைவி. கடைசியில், சுவரில் சாய்ந்துகொண்டு, நான்.

இங்கே வர்ணனை வேண்டும் என்று தோன்றுகிறது. 'காலமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த

(அணைந்தது. ஆட்டினேன்.)

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஆனாலும் விளக்கு அணைந்தது. சாமி விளக்கும் அணைந்தது. சித்ரா "அய்யோ, சாமி!" என்று எழுந்தார். எழுந்ததும் எல்லா விளக்கும் எரிந்தன. அதன்பிறகு பல்லி, வெகு தெளிவாக, மூன்று முறை கத்தியது. அதை யாரும் சட்டை செய்யவில்லை.

யுவஸ்ரீ திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான் ஆட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றேன்.

நம்பிவிட்டாள்.

5

கதை இத்தோடு முடிந்திருந்தால் ஒரு பக்கத்தில் போயிருக்கும். யுவஸ்ரீ அப்பனிடம் நேராகவே போனாள்.

"மாமா கால ஆட்டிக்கிட்டேதான் இருந்தாரு. அப்பவும் அணைஞ்சிருக்குது. தடங்கலும் இல்ல, ஒன்னும் இல்ல. உங்க சென்சாருதான் கோளாறு."

சாமி காரியத்தில் காலை ஆட்டியதற்காகச் சென்னிமலை என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அது அவர் காதிலேயே விழவில்லை. மகள் ஓடிப்போனாலும் தாங்கிக்கொள்வார். சென்சாரைச் சொன்னால் தாங்கமாட்டார். மறுநாளே அதைப் பொருத்திய கோகுல்ராஜை வரவழைத்தார். கோகுல்ராஜ் நான் உட்கார்ந்த அதே இடத்தில், அதே சுவரில் சாய்ந்து, முக்கால் மணி நேரம் காலை ஆட்டினார். விளக்கு அணையவில்லை. கட்டைவிரலை மட்டும் ஆட்டினார். அப்போதும் எரிந்தது.

"அண்ணங்க, சென்சாரு தங்கமாட்டம் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துப் போனார்.

சென்னிமலை என் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தீங்களா மாப்ள? மிசின்ல தப்பில்ல. நீங்களும் கால ஆட்டியிருக்கறீங்க. ஆளு ஆடியும் அணைஞ்சுதுன்னா, அணைச்சது ஆருங்க?"

நான் பதினோரு புத்தகம் எழுதியவன். கூரைக் குமிழை அண்ணாந்து பார்த்தேன்.

"சாமிங்க" என்றார் அவரே. "வெள்ளிக்கெழம ராசிபுரத்துக்கு ஆள் அனுப்பி, வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

இன்று புதன்.

6

சரி, முடிவுகள்.

முதல் முடிவு: அதே பல்லி சென்னிமலையின் தோளில் விழுகிறது. பஞ்சாங்கத்தில் பலன் பார்க்கிறார். நல்ல பலன். மனம் மாறுகிறார். வேண்டாம். என் வசதிக்காகக் கூரையிலிருந்து ஒரு பல்லியைத் தள்ளிவிடுவது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

இரண்டாவது: யுவஸ்ரீ சிவக்குமாரின் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விடுகிறாள். இதை அவளிடமே போனில் படித்துக் காட்டினேன்.

"நா எதுக்குங் மாமா ஓடோணும்? நா என்ன திருடுனனா? எங்கூட்டு வாசல்ல பந்தல் போட்டுத்தான் கட்டிக்குவேன்." போனை வைக்கப் போனவள், "ஏனுங் மாமா, அன்னிக்கு நீங்க நெசமாலுமே ஆட்டுனீங்கல்ல?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே."

"செரிங்க மாமா." வைத்துவிட்டாள்.

மூன்றாவது, கட்டுரைத்தனமான முடிவு: எந்திரத்தை நம்பும் மனிதனும் சகுனத்தை நம்பும் மனிதனும் உண்மையில் ஒரே

(அணைந்தது. இந்த முறை ஆட்டவில்லை. நோட்டை மேசைக்கடியில், குமிழின் கண்ணில் படாமல் வைத்து இருட்டிலேயே எழுதுகிறேன், வரிகள் ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

இதன் முடிவை உங்களிடம் விடுகிறேன். நவீன உத்தி என்று நினைக்க வேண்டாம், தைரியம் இல்லாததுதான் காரணம். உங்களில் யாராவது நாமக்கல் பக்கம் இருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் சென்னிமலை வீட்டுக்கு ஒரு நடை போங்கள். சுவிட்சு காட்டச் சொல்வார். தேடுவதுபோல் கொஞ்சம் தேடுங்கள். பிறகு நான் சொன்னதாக ஒரு வரி சொல்லுங்கள். சென்சார் மேலும் தப்பில்லை, சாமி மேலும் தப்பில்லை. யுவஸ்ரீ பக்கத்தில் இருந்தால் அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிடுங்கள்.

பாயசம் இரண்டு டம்ளர் குடித்திருந்தேன். பூஜை அறைக் கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்திலேயே நான் தூங்கிவிட்டேன்.