ஒதிய மரத்துப் புழுவின் கரும்புள்ளி

1

இந்தக் கதை கிடைத்த இடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைத் துருவக் கூடாது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் ஒரு பெண் மடியில் பிளாஸ்டிக் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். மூடியில் ஊசித் துளைகள். எட்டிப் பார்த்தேன். சட்டென்று முந்தானையால் மூடிக்கொண்டு என்னை முறைத்தாள். அந்த முறைப்பு மட்டும்தான் நிஜம். மிச்சமெல்லாம் என் கைவேலை.

2

அவள் பெயர் சந்திரப்பிரபா. மேல்சித்தாமூர்ச் சமணக் குடும்பம். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வணிகவியல் ஆசிரியை. அந்துப்பூச்சிப் பைத்தியம்.* பக்கத்துக் காப்புக்காட்டில், ஒதிய மரத்து இலையில், விரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழுவைப் பார்த்து, டப்பாவில் போட்டு எடுத்துவந்தாள். அன்றோடு அவள் வாழ்க்கையே

(இல்லை. வாழ்க்கையெல்லாம் மாறவில்லை. சோறுதான் சரியாக இறங்கவில்லை.)

விலங்கியல் நடத்தும் ஃபர்ஹானா போட்டோவைப் பார்த்தாள். கோட்டக்குப்பத்துக்காரி, பிரபாவின் நெடுநாள் சிநேகிதி.

"நிலா அந்துதான். பச்சை றெக்கை, நீள வாலு. காட்டுல சாதாரணம்."

"அப்ப விலாவுல இருக்குற கரும்புள்ளி? எந்தப் படத்துலயும் இல்லியே. இது வேற இனம்."

ஃபர்ஹானா போட்டோவில் புள்ளியைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "எங்கிட்ட குடு, ஸ்பிரிட்டுல போட்டுடறேன். அறுத்துப் பாத்தாத்தான் நிச்சயம்."

"கொன்னுட்டா பேரு வைக்கறது? றெக்கையோட வரட்டும், பாத்துக்கலாம்."

* இரவில் வெள்ளைத் துணி கட்டி விளக்கு வைத்தால் பூச்சிகள் தாமே வந்து குவியும். விளக்கில் பூச்சி விழுமே என்று பொழுது சாயுமுன் சாப்பிட்டு முடிக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அது ஆகாது. அதனால்தான் பகலில் இலை பறித்துப் போட்டு வளர்த்தாள்.

3

புழு தின்றது, தோல் உரித்தது, கடைசியில் இரண்டு இலைகளை நூலால் ஒட்டி உள்ளே கூடு கட்டிக்கொண்டது. அந்தச் சமயம் பார்த்து ஊரில் கல்யாணம். கல்யாண வீட்டுப் பிள்ளைகள் கையில் டப்பா சிக்கினால் அவ்வளவுதான். ஃபர்ஹானாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்து வாங்கியபோது கூட்டில் ஒரு சின்ன ஓட்டை. டப்பாவின் அடியில் காராமணி மாதிரி பழுப்பாக நாலைந்து சின்ன ஓடுகள். அந்து இல்லை. ஒரு றெக்கைத் துணுக்குகூட இல்லை.

ஃபர்ஹானா கூட்டை மாற்றிவிட்டாள் என்றே பிரபா நினைத்தாள். என் இனத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறாள். ஆய்வகத்துக்குப் போய் ஒவ்வொரு புட்டியாகக் குனிந்து பார்த்தாள். தவளை, தேள், பாம்புக்குட்டி. புழு இல்லை. இல்லாதது சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

(நான் இன்னும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதில் ஃபர்ஹானா பீரோவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போடுகிறாள். அவளைத் திருடியாக்க என் பேனா ஏன் இத்தனை ஜோராக ஓடுகிறது? அடித்துவிட்டேன். அவளே பேசட்டும்.)

4

"என்ன தேடிக்கினு இருக்க?" வாசலில் ஃபர்ஹானா.

"என் புழுவை."

ஃபர்ஹானா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அந்தப் புள்ளி அடையாளம் இல்ல பிரபா, காயம். ஊஜி ஈன்னு ஒண்ணு இருக்குது. புழு மேல முட்டை வச்சிட்டுப் போயிடும். அதோட குஞ்சு தோலைத் துளைச்சி உள்ள பூந்து, உள்ளயே தின்னுக்கினு இருக்கும். கூடு கட்டினப்புறம் ஓட்டை போட்டு வெளிய வந்து, இந்த மாதிரி ஓட்டுக்குள்ள சுருண்டுக்கும்."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நீ போட்டோ காட்டுன அன்னிக்கே."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? புழு பொழைக்கணும்னா உள்ள இருக்குறதைக் கொல்லணும். உன்னால ஆகுமா? அதான் எங்கிட்ட குடுன்னு கேட்டேன். ரெண்டும் என் கையால போயிருக்கும், பாவமும் என்னோட போயிருக்கும்."

பிரபாவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. இத்தனை நாளும் ஒரு காயத்தை அல்லவா கொஞ்சிக்கொண்டிருந்தோம் என்று கண் கலங்கியது. ஆனாலும் மனசின் ஓரத்தில் ஒரு முணுமுணுப்பு: இவ்வளவு பொருத்தமான பதிலை இவள் எப்போது தயார் செய்தாள்?

5

எனக்கும் அதே சந்தேகம்தான், அந்தப் பதிலை எழுதியவனே நான் என்றாலும். ஃபர்ஹானா சொன்னது மெய் என்று உங்களிடம் சத்தியம் செய்ய என்னால் முடியாது. போட்டோவில் புள்ளி இருக்கிறது. அதற்கு மேல் சாட்சி இல்லை.

ஒரு முடிவில் பிரபா டப்பாவை ஃபர்ஹானாவிடமே கொடுத்து, "நீயே பாத்துக்கோ" என்கிறாள். பாவத்தை அடுத்தவள் தலையில் கட்டுகிற முடிவு. பிடிக்கவில்லை. இன்னொன்றில் இருவரும் கைகோத்துக் காட்டுக்கு

(எனக்கே சிரிப்பு வருகிறது.)

ஆகவே அவள் இன்னும் பேருந்து நிலையத்தில்தான் இருக்கிறாள். ஓடுகள் உடைந்து ஈக்கள் வந்துவிட்டன. மூடி திறந்தால் அவை நேரே ஒதிய மரத்துக்குப் போகும். அங்கே வேறு பச்சைப் புழுக்கள் இருக்கும். திறக்காவிட்டால் டப்பாவுக்குள்ளேயே செத்துப்போகும். என்னை முறைத்தாளே, அது நான் எட்டிப் பார்த்ததற்கு இல்லை. அவளுக்கு நான் இந்தக் கதியை எழுதிவைத்ததற்கு.

விழுப்புரம் பஸ் வந்துவிட்டது, நான் ஏறுகிறேன். டப்பாவைப் பிடியுங்கள். திறப்பதானால், முதலில் அந்த மரத்தின் இலைகளைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். திறக்கப்போவதில்லை என்றால், தயவுசெய்து அதைக் காதருகே கொண்டுபோகாதீர்கள்.