வெர்னா எழுத விடாத முடிவு

1

இந்தக் கதை எனக்கு ஒரு தகரக் குழாய் வழியாக வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துக் கேட்டால் அசிங்கம்.

நான் இருப்பது மாடியில். கீழ்வீட்டில் வெர்னா. நிலவறையில் ஒரே ஒரு ஹீட்டர்; அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் சூடு கொண்டுவருகிற குழாய். சூடு வரும் வழியில் பேச்சும் சேர்ந்து வந்துவிடுகிறது. இது அமெரிக்காவின் வடக்கே ஓர் ஏரிக்கரை ஊர். நவம்பர் வந்தால் ஏப்ரல் வரை ஜன்னலைத் திறக்கிற பேச்சே இல்லை. ஆக, வருடத்தில் பாதி நாள் வெர்னாவின் தொலைபேசிப் பேச்செல்லாம் என் மேசைக்கு அடியில்தான் நடக்கிறது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை.

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அறுபத்துநான்கு வயது. (வயதை எழுதாதே என்று சொல்லியிருந்தாள். எழுதிவிட்டேன்.) அவளுக்கு ஒரு பேஸ்பால் அணி இருக்கிறது, ஒரு தம்பி இருக்கிறான். அணி எங்கள் ஊருடையது. தம்பி லெனி இருப்பது ஃப்ளோரிடாவில், பிப்ரவரியில் அணி பயிற்சி முகாம் போடுகிற ஊருக்குப் பக்கத்தில். கதை இவ்வளவுதான்: அக்காவும் தம்பியும் அணியைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்வார்கள். இந்த வருடம் தம்பி அணியைக் கைகழுவிவிட்டான்.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன்.

"பனி இன்னும் உருகவில்லை, ஆனாலும் காற்றில் வசந்தத்தின்—"

பொய். இந்த ஊரில் பிப்ரவரிக் காற்றில், பனி உருகச் சாலையில் உப்புத் தூவுகிற லாரியின் புகைதான் இருக்கும்.

"நம்பிக்கை என்பது ஒரு"

இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. இருபத்தைந்து வருடமாக இந்த அணியைப் பார்த்து வருகிறவனுக்கு அந்தச் சொல்லை எழுதவே கை வலிக்கிறது. ஒவ்வொரு பிப்ரவரியிலும் இந்தத் தெருவே "இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன்" என்று சொல்லும். சொல்லிவிட்டுப் போய் ரேடியோவுக்கு பேட்டரி வாங்கும்.

"பிட்சர்கள் முகாமுக்கு வந்து சேரும் நாளன்று லெனி கூப்பிடுவான்."

இது உண்மை. இப்படியே தொடங்கலாம். (பிட்சர் என்றால் பந்து வீசுகிறவன், கேட்சர் அதைப் பிடிக்கிறவன்; முகாமுக்கு முதலில் வருவது இவர்கள்தான்.)

லெனி அன்று காலை முகாமுக்குப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பான். வெர்னா காலைச் சுற்று முடித்து, பேருந்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தொலைபேசி அடிக்கும்.

"அங்க பனி எவ்ளோ?"

"முட்டி வரைக்கும். உனக்கென்ன, நீ செருப்பு மாட்டிக்கிட்டு நிப்ப."

"சரி கேளு. நம்ம கேட்சரு நல்லா தின்னு ஊதியிருக்கான்."

"ஊதட்டும். போன வருஷம் ஒல்லியா இருந்து என்னத்தக் கிழிச்சான்?"

அன்று தொடங்கினால் தினம் பேச்சுதான். அணிக்கு உயிர் இருக்கும்வரை பேச்சுக்கும் உயிர். வழக்கமாக ஜூலையில் இரண்டுக்கும் மூச்சு வாங்கும் (குழாய்க்கு எட்டாத இந்தக் கோடைக் கணக்கு வெர்னாவே சொன்னது). பிறகு வாரம் ஒரு தடவை, பிறகு கடைசி ஆட்டத்தன்று ஒரு தடவை. அதோடு அடுத்த பிப்ரவரி. அணி எப்படியோ அக்டோபரில் நடக்கும் கோப்பை ஆட்டங்கள் வரை போன ஒரு வருடம் மட்டும், குளிர் வந்த பிறகும் என் குழாய் ஓயவே இல்லை. வெர்னா அந்தக் குளிர்காலம் முழுக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள்.

அவளுக்கு வேண்டியது கோப்பை அல்ல, அந்தக் கூடுதல் மாதங்கள்தான் என்று நினைக்கிறேன். (அவளிடம் இதைச் சொன்னபோது, "கோப்பையும் வேணும்" என்றாள்.)

3

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்ல வேண்டும். குழாயில் எனக்குக் கேட்பது வெர்னாவின் பாதி மட்டும்தான். லெனியின் பாதி நான் எழுதியது. "முட்டி வரைக்கும்" என்று அவள் சொன்னாள். அப்படியானால் அவன் பனியைப் பற்றித்தான் கேட்டிருப்பான். அவள் பேசாமல் இருக்கிற இடத்திலெல்லாம் நான் லெனியை உட்கார வைத்திருக்கிறேன். அவனை நான் பார்த்ததில்லை. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய ஒரு புகைப்படத்தில் தொப்பி போட்டுக்கொண்டு, பெரிய மீன் ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறான்.

இந்த ஆள்மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கதையில் அவன் அதிகம் நல்லவனாகிவிடுகிறான். வேலிக்கு வெளியே நிற்கிறான், அக்காவுக்குச் சேதி சொல்கிறான். இப்படிப்பட்டவன் ஏன் விட்டுவிட்டான்?

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். டிசம்பரில் எங்கள் முதலாளிகள் அணியில் உருப்படியாக இருந்த ஒரே இடக்கைப் பிட்சரை வேறு ஊர் அணிக்குத் தள்ளிவிட்டார்கள். லெனி அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டையின் அடியில் ஒரு வரி இருந்தது. வெர்னா என்னிடம் காட்டினாள். "இனிமே அவங்க ஆட்டத்தப் பாக்கப் போறதில்ல. எனக்குப் போதும்."

பிட்சர்கள் வந்து சேரும் நாளும் வந்தது. வெர்னா காலைச் சுற்றை முடித்துவிட்டு வந்தாள். காபி கொதிக்கிற சத்தம் கேட்டது. தொலைபேசி அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை.

4

எழுதிய வரைக்கும் அவளுக்குச் சொல்லிக் காட்டுவது என்று தீர்மானித்தேன். தமிழ் அவளுக்குத் தெரியாது, அதனால் அவள் மொழியில் வாய்வழியாகத்தான். ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாளான கொழுத்த செவ்வாய் அன்று, உள்ளே பிளம் ஜாம் வைத்துப் பொரித்த போலந்துப் பலகாரம் பூன்ச்கி ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு கீழே போனேன். வெறுங்கையோடு போய் ஒருத்தியிடம் அவள் கதையைச் சொல்லிக்காட்ட முடியாது.

"யாரு படிப்பாங்க இத?"

"தமிழ்க்காரங்க."

"அவங்க பேஸ்பால் பாப்பாங்களா?"

"கிரிக்கெட் பாப்பாங்க."

"அப்ப பரவால்ல. கண்ணு படாது. அணி பேரு மட்டும் எழுதிடாத."

"ஏன்?"

"எதுக்கு வம்பு."

(அதனால்தான் அணிக்குப் பெயர் இல்லை. கலை நோக்கம் என்று யாராவது விமர்சனம் எழுதினால் மறுக்க மாட்டேன்.)

முதல் முடிவைச் சொன்னேன். பயிற்சி ஆட்டங்கள் தொடங்குகின்றன, லெனிக்கு மனசு கேட்கவில்லை, ஒரு காலையில் தொலைபேசி அடிக்கிறது. வெர்னா பூன்ச்கியைக் கீழே வைத்தாள்.

"அடிச்சிடு அத."

"நல்ல முடிவுதானே?"

"அதான் சொல்றேன். கூப்பிடுவான்னு நீ எழுதி வெச்சா அவன் கூப்பிட மாட்டான். வாய வெச்சிட்டியே, மனுஷா."

இரண்டாவது முடிவு: அவன் கூப்பிடவே இல்லை. அணி மே மாதமே படுத்துவிடுகிறது. அவள் தனியாக ரேடியோ கேட்கிறாள்.

"இதயும் அடி. எழுதினா அப்படியே நடந்துடும்."

"நல்லது எழுதினா நடக்காது, கெட்டது எழுதினா நடந்துடுமா?"

"ஆமா. இத்தன வருஷம் இந்த ஊர்ல இருந்து நீ என்னத்தத் தெரிஞ்சுக்கிட்ட?"

"அப்ப கதைய எப்படி முடிக்கிறது?"

"முடிக்காத. யாரு கேட்டா?"

[இடைக்குறிப்பு. அவள் பைத்தியம் அல்ல. இந்த ஆட்டத்தில் எல்லோரும் இப்படித்தான். ஒரு பிட்சர் எதிரணிக்கு ஒரே ஒரு அடிகூடக் கொடுக்காமல் ஆட்டத்தைக் கொண்டுபோகிறான் என்று வையுங்கள். பாதி ஆட்டம் தாண்டிவிட்டால் அவன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். சொந்த அணிக்காரனே நகர்ந்து போய்விடுவான். என்ன நடக்கிறது என்று அரங்கம் முழுக்கத் தெரியும். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். சொன்னால் போச்சு.]

5

இடக்கைப் பிட்சர் பற்றிய பகுதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெர்னா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பிட்சருக்காக இல்ல."

"அட்டையில அப்படித்தானே—"

"அட்டையில எழுதுவான். செப்டம்பர்ல, கடைசி ஆட்டம். ஒம்பது ரன்ல தோத்துக்கிட்டு இருந்தோம். பேசறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. அவன் சும்மாதான் சொன்னான், அப்பா இருந்திருந்தா டிவியப் போட்டு உடைச்சிருப்பாருன்னு. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. அப்பாவப் பத்தி உனக்கு என்னடா தெரியும்னேன். நாலு வருஷம் படுக்கையில கெடந்தாரு. நான்தான் தூக்கிக் குளிப்பாட்டினேன். நீ அங்க மீன் புடிச்சிக்கிட்டு இருந்தியேன்னு சொல்லிட்டேன்."

செப்டம்பரில் ஹீட்டர் ஓடாது, குழாயின் வாயை மூடி வைத்திருப்பேன். என் குழாய்க்கு இது வரவே இல்லை.

"அவன் என்ன சொன்னான்?"

"ஆட்டம் முடிஞ்சிதுன்னான். வெச்சிட்டான்."

"நீ சொன்னது நிஜம்தானே?"

"நிஜம்தான். அதான் கஷ்டம். பொய்யா இருந்தா மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடலாம்."

அப்பா செத்த நாளிலிருந்து இருவரும் அந்தப் பேச்சைத் தொடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும், ஒவ்வொரு தோல்வியிலும். அவள்தான் வாய் திறந்துவிட்டாள். அதை நினைத்து நினைத்து அவள் முகம் பனிக்காலம் முழுக்க வாடிக் கிடந்திருக்கிறது. நான் மாடியில் உட்கார்ந்துகொண்டு பிட்சரைக் குற்றம் சொல்லி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கங்களை அடித்துவிட்டேன். மேலே மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

"நீயே கூப்பிடேன்."

"நானா? வழக்கமில்லாம நான் கூப்பிட்டா யாரோ செத்துட்டாங்கன்னு நெனப்பான்."

"முகாம்தான் ஆரம்பிச்சாச்சே."

"ஆரம்பிச்சா? சொல்றதுக்கு ஒரு விஷயம் வேணும்ல. சும்மா எப்படிக் கூப்பிடறது?"

பெட்டியில் மிச்சமிருந்த பூன்ச்கியைப் பேருந்துப் பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

6

இந்தப் பகுதியில் லெனியின் தரப்பை எழுத நினைத்தேன். "அக்கா சொன்னது அவனுக்கு முன்பே தெரியும், அதைச் சொல்லிவிடுவாளோ என்று பயந்துதான் அவன் தினமும் பேஸ்பால்"

விட்டுவிட்டேன். எனக்குத் தெரியாது.

களைப்பாகவும் இருக்கிறது. கதை எழுதுகிறவனுக்கும் ஜூலை மாதம் என்று ஒன்று உண்டு.

7

பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை மதியம், முதல் பயிற்சி ஆட்டம் ரேடியோவில். வெர்னா வைத்தாள், நான் குழாய் வழியாகக் கேட்டேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அங்கே வெயிலாம், அறிவிப்பாளர் கூசாமல் அதை நாலு தடவை சொன்னார்.

ஒன்பது இன்னிங்ஸில் மூன்று முடிந்ததும் பெயர் தெரிந்தவர்களெல்லாம் குளிக்கப் போய்விட்டார்கள். பிறகு வந்தவர்கள் பெரிய பெரிய எண்களைச் சட்டையில் போட்ட பொடியன்கள். நிஜ ஆட்டங்கள் தொடங்கும் ஏப்ரலில் இவர்களில் பாதிப் பேர் எங்கே இருப்பார்கள் என்று அவர்களுடைய அம்மாக்களுக்கே தெரியாது. நாங்கள் ஆறு ரன்னில் தோற்றுக்கொண்டிருந்தோம். பழக்கப்பட்ட விஷயம் என்பதால் எனக்குத் தூக்கம் வந்தது.

எட்டாவது இன்னிங்ஸில் எண்பத்தேழு என்று ஒருவன் வந்தான். முதல் பந்திலேயே அடித்தான். பந்து வேலியைத் தாண்டி, பின்னாலிருந்த மரங்களையும் தாண்டி, கார்கள் நிற்கும் இடத்தில் போய் விழுந்ததாம். அறிவிப்பாளர் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. அவருக்கே அவன் யார் என்று தெரியவில்லை.

"அட" என்றாள் கீழே வெர்னா. ஒருவரும் இல்லாத சமையலறையில்.

பயிற்சி ஆட்டத்து ஹோம் ரன் செல்லாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். பிப்ரவரியில் அடித்துத் தள்ளி, மே மாதம் வேலை தேடிப் போன எண்பத்தேழுகள் எத்தனையோ பேர். எல்லாம் அவளுக்குத் தெரியும்.

ரேடியோவின் சத்தம் குறைந்தது. நாற்காலி நகர்ந்தது. தொலைபேசியின் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்துகிற சத்தம் கேட்டது. நடுவில் ஒருமுறை நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து அழுத்தினாள்.

பிறகு அவள் குரல்:

"லெனி. நான்தான். யாரும் சாகல."

கொஞ்சம் பொறுத்து:

"ரேடியோ கேட்டியா? எண்பத்தேழு. யாருடா அவன்?"

அதோடு அவள் நிறுத்திவிட்டாள்.

8

இந்த இடத்தில்தான் வழக்கமாக நான் லெனியை எழுதுவேன். அவள் பேசாமலிருந்தால் அவன் பேசுகிறான் என்பது என் கணக்கு. ஆனால் ஆள் எடுக்காத தொலைபேசியில் சேதியை விட்டுவிட்டு, வைக்க மனசில்லாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறவளும் இதே மாதிரிதான் பேசாமல் இருப்பாள். குழாயில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும்.

பேனா கையில் இருந்தது. ஒரு வரி தயாராகவும் இருந்தது. "கேட்டேன்க்கா, நான் வேலிக்கு வெளிய—"

எழுதவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம் வந்துவிட்டது. இருபத்தைந்து வருடத்தில் நானும் இந்த ஊர்க்காரனாகிவிட்டேன் போலிருக்கிறது. பிட்சர் பக்கத்திலிருந்து நகர்ந்து போகிறவன் மாதிரி எழுந்து, குழாயின் வாய்க்குப் போட்டிருக்கும் மூடியைக் காலால் தள்ளிச் சாத்தினேன்.

உங்களுக்கு இப்போது ஒரு முடிவு தோன்றியிருக்கும். வைத்துக்கொள்ளுங்கள், அது உங்களுடையதுதான். நீங்கள் பேஸ்பால் பார்க்காதவர்கள், உங்கள் கண் படாது என்று வெர்னாவே சொல்லியிருக்கிறாள். இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம்கூட வேண்டாம்.

குழாயை மூடியதால் அறை குளிர்ந்துவிட்டது. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. மூடியை இன்னும் திறக்கவில்லை.