எல்லாருடைய கடிதமும் ஒரே பெட்டியில்

கூட்டுறவுச் சங்கக்கடைக் கூரையில் அந்த வெள்ளைத் தட்டைப் பூட்டிய அன்று நாவலடிச்சேனையில் ஒருவர்கூட வேலைக்குப் போகவில்லை. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, கறன்ரும் டெலிபோன் கம்பியும் எட்டியும் பார்க்காத ஊர் அது. கைத்தொலைபேசியை மரத்தில் ஏறி நின்று பிடித்தாலும் ஒரு கோடு விழாது. அப்படிப்பட்ட ஊருக்கு வானத்தில் நிற்கிற சற்றலைற்றிலிருந்து நேரே இன்ரநெற் இறங்கப் போகிறதென்றால் சும்மாவா? சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் கொண்டுவந்த தட்டு அது. கடை முகாமையாளர் கனகசுந்தரம் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தினார். தட்டுக்குச் சந்தனம் பூசப் போனவரை, அதைப் பூட்ட வந்த வெள்ளைக்காரன்தான் பதறியடித்துத் தடுத்தான்.

குணேஸ்வரியை அதற்குப் பொறுப்பாகப் போட்டார்கள். வயது முப்பத்து நாலு, கலியாணம் சரிவரவில்லை, ரவுணுக்குப் போய் ரைப்பிங் படித்தவள். கடையின் பின்னறையில் ஒரு கொம்பியூட்டர், இரண்டு கதிரை, வெளியே ஒரு ஜெனரேற்றர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி மின்னஞ்சல் முகவரி எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டு வெள்ளைக்காரன் போனான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எங்களுக்கேன் தனித்தனியா? உன்ர பேரில ஒண்டு கிடக்குத்தானே, அது காணும்" என்றாள் பாக்கியரத்தினம். அவளுடைய புருசன் கட்டாரில் மேசன்.

அவள் சொன்னதிலும் பிழையில்லை. அந்த ஊர்க்காரருக்கு வந்த தபால் எல்லாம் எந்தக் காலத்திலும் சங்கக்கடை முகவரிக்குத்தான் வந்தது. தபால்காரன் கடையில் போட்டுவிட்டுப் போவான், கடைக்காரர் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒரே பெட்டி, ஒரே ஆள். அந்தப் பழக்கத்தையே அப்படியே தூக்கி இன்ரநெற்றிலும் வைத்தார்கள், பாவங்கள். குணேஸ்வரியும் தலையாட்டினாள். ஊரே தன்னை நம்பி வருகிறதே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

பிறகென்ன, காலையிலிருந்து பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ஒருத்தி கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, குணேஸ்வரி ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பாள். ஆடு குட்டி போட்டது, சீமெந்து விலை ஏறிப்போச்சு, மாமி மண்டையைப் போடுகிற மாதிரி இல்லை, எல்லாம் போகும். அவளுக்குத் தெரியாத குடும்பச் சண்டை அந்த ஊரில் கிடையாது. ஆனால் ஒரு சொல் வெளியே விட்டதில்லை. அந்த விசயத்தில் அவள் கெட்டிக்காரிதான்.

இரண்டாயிரத்து ஐந்து கார்த்திகை கழிந்ததும் கடிதங்கள் மாறின. கடதாசியில் மட்டும் சமாதானம் இருந்த காலம். இயக்கத்துப் பெடியள் வீடு வீடாக வந்து சண்டைக்குப் பிள்ளை கேட்கத் தொடங்கினார்கள். தாய்மார் பிள்ளைகளை ஒவ்வொரு திக்கில் கொண்டுபோய் ஒளித்தார்கள். ஒருத்தி தம்பலகாமத்தில் அண்ணன்காரனின் வயல்வாடியில் விட்டாள். ஒருத்தியின் மகன் உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக் குசினியில் கோப்பை கழுவினான். பாக்கியரத்தினம் தன் ஒரே மகனைக் கிண்ணியாவில் முனாப் என்கிற முஸ்லிம் முதலாளியின் அரிசி ஆலையில் சேர்த்திருந்தாள்.

இதையெல்லாம் கடிதத்தில் எழுதலாமா என்று இப்போது கேட்பது லேசு. கடலுக்கு அங்கால் இருக்கிற தகப்பன் "பிள்ளை எங்கே, பிள்ளை எங்கே" என்று ஒன்பது தரம் எழுதிக் கேட்டால் எந்தத் தாய் வாயை மூடிக்கொண்டிருப்பாள்? எழுதினார்கள். ஊர், வீடு, யாரிடம் விட்டது எல்லாம் எழுதினார்கள். அடித்தது குணேஸ்வரி. இருபத்து மூன்று பிள்ளைகள்.

மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம் மோட்டார் சைக்கிளில் இயக்கத்துப் பெடியள் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவன் கண்ணாடி போட்டவன், நல்ல மரியாதையாகக் கதைத்தான்.

"அக்கா, ஊர்ச்சனத்தின்ர கடிதம் எல்லாம் உங்கட பெட்டியிலதானே கிடக்கு?"

"ஓம் தம்பி. எல்லாம் வீட்டுக்கதை."

"அதைத்தான் பாக்க வேணும். அடிச்செடுக்க மிசின் இருக்கோ?"

"இல்லைத் தம்பி."

"பரவாயில்லை. நாளைக்கு மத்தியானம் பிறின்ரரோட வாறம். உள்ள போற பாஸ்வேர்ட்டையும் எழுதி வையுங்கோ."

அவர்கள் போன சத்தம் அடங்குமட்டும் குணேஸ்வரி அசையவில்லை. பிறகு ஓடிப்போய் ஜெனரேற்றரை இழுத்தாள். மூன்றாம் தரம்தான் பிடித்தது. கடிதங்கள் இந்த அறையில் இருந்தால் பெட்ரோலை ஊற்றிக் கொளுத்திவிடலாம். அவை கிடப்பது எங்கேயோ தெரியாத தேசத்தில். அழிப்பதென்றாலும் அந்தத் தட்டு வழியாகத்தான் போய் அழிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வழித்துத் துடைக்கவும் ஏலாது. பெட்டி வெறுமையாகக் கிடந்தால் என்னத்தை ஒளித்தாய் என்று கேட்பார்கள். ஆட்டுக்கதையையும் சீமெந்துக் கதையையும் விட்டுவிட்டு, பிள்ளைகளின் கதையை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொன்றாகத் திறந்து வாசிக்க வேண்டும். இவள் அனுப்பியது, அவர்கள் பதிலுக்குப் போட்டது, எல்லாமாக அறுநூறுக்குக் கிட்ட. ஒரு கடிதம் திறக்க ஒரு நிமிசம்.

நாற்பதாவது கடிதத்தில் மழை பிடித்தது. மழை பெய்தால் சற்றலைற் அறுந்துபோகும் என்று வெள்ளைக்காரன் முதல் நாளே சொல்லியிருந்தான். திரை அப்படியே நின்றது. "சனியன் பிடிச்ச மழை! பெய்யிறதுக்கு உனக்கு இண்டைக்குத்தானா கிடைச்சுது?" என்று குணேஸ்வரி கூரையைப் பார்த்துக் கத்தினாள். மழைக்கு என்ன காது? அது பாட்டுக்கு ஊற்றியது.

இருட்டிய பிறகும் விடவில்லை. விடிந்த பிறகும் விடவில்லை. அவள் வீட்டுக்குப் போகாமல் கதிரையிலேயே இருந்தாள். அந்தப் பெண்களை ஒரு மூச்சு திட்டினாள், தனித்தனி முகவரி எடுக்காத மூதேவிகள் என்று. பிறகு தன்னைத் திட்டினாள். படித்தவள் நான்தானே, அவர்களுக்கு என்ன தெரியும்? பெருமைக்குத் தலையாட்டின எனக்குத்தான் செருப்பால் அடிக்க வேணும். நினைக்க நினைக்க அழுகை வந்தது.

பதினொரு மணிபோல் மழை விட்டது. கடல் பக்கம் மட்டும் மை அப்பியது போல் கிடந்தது. திரையில் பெட்டி திறந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பொறுக்கத் தொடங்கினாள். பாக்கியரத்தினத்தின் கடிதம் வந்தது. "முனாப் நானா தன்ர பிள்ளை மாதிரிப் பாக்கிறார், நீங்கள் யோசிக்காதேங்கோ." அதை அழித்தாள். வெளியே எட்டிப் பார்த்தாள். மழை குடாவைக் கடந்து வந்துகொண்டிருந்தது. மிச்சம் ஐந்நூறுக்கு மேல். இனிப் பொறுக்க நேரமில்லை. ஒரு பக்கத்திலிருந்த எல்லாவற்றுக்கும் சரி போட்டு அழித்தாள். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். கடைசியில் குப்பைக்கூடையையும் வெறுமையாக்கினாள். ஆடுகளும் சீமெந்தும் மாமிமாரும் பிள்ளைகளோடு சேர்ந்து போயின. முதல் துளி தகரத்தில் விழும்போது பெட்டியில் ஒன்றும் இல்லை.

அவர்கள் இரண்டு மணிக்கு, மழை வெளித்த பிறகு, பிறின்ரரைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பின்னால் பெண்கள் கடை முற்றத்தில் கூடிவிட்டார்கள். குணேஸ்வரி பாஸ்வேர்ட் எழுதிய துண்டை நீட்டினாள். கண்ணாடிக்காரன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, வெறும் பெட்டியைக் கனநேரம் பார்த்தான்.

"என்னக்கா இது?"

"இடம் நிரம்பிப் போச்சுத் தம்பி. அதுதான் துப்பரவாக்கினனான்."

"எப்ப?"

அவன் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்துப் போட்டுக்கொண்டான்.

"சரி, போனது போகட்டும். எல்லாம் அடிச்சது நீங்கள்தானே? ஒருத்தரும் தன்ர கையால எழுதேல்லையே?"

"இல்லை."

"அப்ப எல்லாம் உங்களுக்குத் தெரியும். மாத்துடுப்பு எடுத்துக்கொண்டு வாங்கோ அக்கா. ஆறுதலா இருந்து கதைப்பம்."

அது அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் எடுத்தது. இரவு முழுக்கப் பெட்டியைப் பற்றியே யோசித்தவள், தன்னைப் பற்றி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. தம்பலகாமத்து வாடி, உப்புவெளிக் குசினி, கிண்ணியா ஆலை எல்லாம் தலைக்குள் அச்சடித்த மாதிரிக் கிடந்தன. அங்கே சரி போட்டு அழிக்க ஒரு வழியும் இல்லை. தன்னைப் பற்றி அவளுக்கு நன்றாகத் தெரியும். பல்லுப் பிடுங்கப் போய் ஊசியைக் கண்டு மயங்கி விழுந்தவள் அவள்.

அவளுக்காக அழ வேண்டுமா, அவளைக் கண்டு பயப்பட வேண்டுமா என்று முற்றத்தில் நின்ற பெண்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. பாக்கியரத்தினம்தான் ஓடிப்போய் இரண்டு சட்டையையும் ஒரு துவாயையும் பையில் அடைத்துக்கொண்டு வந்தாள். கண்ணாடிக்காரன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். குணேஸ்வரி பையை வாங்குகிற சாட்டில் அவளைக் கட்டிப்பிடித்துக் காதுக்குள் சொன்னாள்.

"அக்கா, எனக்கு அடி தாங்கேலாது. இண்டைக்கு ஒரு நாள் சமாளிப்பன், நாளைக்குச் சொல்லிப்போடுவன். இருட்டுக்குள்ள எல்லாப் பிள்ளையளையும் வேற இடம் மாத்துங்கோ."

"ஐயோ குணம்... ஓம், ஓம். அப்ப என்ர பெடியன நான் கொண்டுபோய்..."

பாக்கியரத்தினம் வழக்கம்போல் சொல்ல வெளிக்கிட்டாள். குணேஸ்வரி அவளுடைய வாயைக் கையால் இறுக்கிப் பொத்தினாள்.

"எனக்குச் சொல்லாதேங்கோ அக்கா" என்றாள்.