அரிசி டின்னில் ஓர் உளி

உளியை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தது நான்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மனுஷனுக்குக் கண் தெரியாது. இனிப்புநீர், அதாவது சர்க்கரை வியாதி, முற்றிப்போய்க் காலில் ஒரு விரலை எடுத்தாயிற்று, பாதத்தில் இன்னொரு புண் ஆறாமல் கிடக்கிறது. அவர் கையில் தீட்டிய உளியைக் கொடுத்துவிட்டு நான் நிம்மதியாக வேலைக்குப் போய்வர வேண்டுமாம். எவள் போவாள்?

என் வீட்டுக்காரர் இக்னேஷியஸ், போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர்களுக்குத் தரைப்பலகை மாற்றுகிற வேலையில் இருந்தவர். பார்வை போனதும் வேலை போயிற்று, கூடவே பேச்சும் போயிற்று. பண்டமாரானில் எங்கள் வீட்டுக்குள் ரேடியோவும் அவரும்தான். கோயில் பூசைக்குக்கூட வரமாட்டேன் என்று ஒரு வருஷத்துக்கு மேல் அடம்பிடித்தார். இப்படியே ஒருநாள் நாற்காலியோடு நாற்காலியாகிவிடுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தபோதுதான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து குகன் போன் செய்தார். குகன் பிறவியிலேயே பார்வையில்லாதவர், மசாஜ் கடை வைத்திருக்கிறார். கோல் பிடித்து நடக்கப் பழகும் வகுப்பில் இவருக்குப் பழக்கம்.

"ஞாயித்துக்கெழம போட்டிக்கு எங்க டீமுல ஒரு ஆள் கொறையுது லா. நீங்க செஸ் நல்லா ஆடுவீங்கன்னு சொன்னீங்கல்ல? ஆணி வச்ச காய் என்கிட்ட இருக்கு. போர்டு மட்டும் கொண்டு வாங்க, போதும்."

போர்டு நான் வாங்கித் தருகிறேன் என்று இவரிடம் சொன்னேன்.

"என் கை இன்னும் இருக்குல்ல?" என்றார். வெகுநாள் கழித்து அவர் குரலில் கோபம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷம் அன்று மத்தியானம் வரைக்கும்கூட நிற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்தார். பழைய கதவுச் சட்டத்திலிருந்து மெர்பாவ் மரக் கட்டை, அது கருப்புக் கட்டத்துக்கு. சரக்கு அடுக்குகிற பேலட்டிலிருந்து பிரித்த பைன் கட்டை, அது வெள்ளைக்கு. எது எது என்று மோந்து பார்த்தே பிரித்தார். முதலில் உளியை எடுத்து ஒரு பிசிறைத் தட்டினார், அது வழுக்கி இடது கட்டைவிரலில் கீறியது. ஒரு சொட்டு ரத்தம்தான். ஆனால் காலில் விரலை எடுத்ததும் ஒரு கீறலில் ஆரம்பித்த கதைதானே. கையைத் துடைத்து மருந்து போட்ட கையோடு உளியை எடுத்துப்போய் அரிசிக்குள் செருகிவிட்டேன்.

"உளி எங்க?"

"எனக்கென்ன தெரியும்? உங்க சாமான நீங்கதான் பத்திரமா வச்சுக்கணும்."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. என்னோடு பேசவும் இல்லை. இரும்பு ஸ்கேலை அணைத்து வைத்து, அதை ஒட்டியே ரம்பத்தை இழுத்தார். நான் அடுப்படியில் வெங்காயத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இழுப்புக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கருப்பும் வெள்ளையுமாக நீளப் பட்டைகளை அறுத்து, இழைப்புளியால் சீவி, மாற்றி மாற்றி வைத்து ஒட்டினார். காய்ந்ததும் குறுக்கே அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு மறுபடியும் ஒட்டினார். கருப்புக்குப் பக்கத்தில் வெள்ளை, வெள்ளைக்குப் பக்கத்தில் கருப்பு. பிறகு காயின் ஆணி இறங்குவதற்குக் கட்டத்துக்குக் கட்டம் கைத்துரப்பணத்தால் ஓட்டை போட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்டைத் தடவிப் பார்த்து, "சரியா வந்திருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் அவர் பக்கத்து வீட்டுப் பழனியப்பன் காரில் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போனார். நான் போர்டைத் துடைக்கலாமென்று கையை வைத்தேன். கருப்புக் கட்டங்கள் எல்லாம் துருத்திக்கொண்டு நின்றன, வெள்ளை எல்லாம் பள்ளம். இதையா சரியாக வந்திருக்கிறது என்றார்? கால் மரத்துப்போன மாதிரி கைவிரலும் மரத்துப்போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போச்சு, விரலும் போய்விட்டது, அது அவருக்கே தெரியவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

காப்பார் ஊரில் நாற்காலி மேசை செய்கிற கம்பெனியில் எனக்கு உப்புத்தாள் போடுகிற வேலை. உள்ளங்கையில் தட்டுப்படுவதையெல்லாம் தேய்த்துச் சமமாக்குவதற்குத்தான் சம்பளம். கை சும்மா இருக்குமா? அவருடைய இழைப்புளியால் மேட்டையெல்லாம் சீவித் தள்ளினேன். மெர்பாவ் கல்லு மாதிரி, தோள் கழன்றுவிட்டது. அப்புறம் உப்புத்தாள். கடைசியில் போர்டு கண்ணாடி மாதிரி ஆனது. இனி எந்தப் பயலும் என் மனுஷனைப் பார்த்துச் சிரிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வந்தார். கையைக் கழுவிவிட்டு நேராகப் பின்னால் போனார். உள்ளங்கையைப் போர்டின் மேல் வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்தார். திரும்ப இழுத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யாரு வந்தா இங்க?"

"யாரும் வரல."

"உர்சுலா," என்று என் பேரைச் சொன்னார்.

"மேடும் பள்ளமுமா இருந்துச்சுங்க. நான்தான் தேச்சுச் சமமாக்குனேன். நாளைக்குப் பாக்குறவங்க ஒண்ணு சொல்லக்கூடாதுல்ல?"

"பாக்குறவங்க," என்றார். "கண்ண மூடு. கைய வை. இது கருப்பா, வெள்ளையா?"

மூடினேன். விரலை அவர் வைத்த இடத்தில் வைத்தேன். வழவழப்பு, ஓட்டை, மறுபடியும் வழவழப்பு. எங்கே ஒரு கட்டம் முடிகிறது என்றே தெரியவில்லை.

"எங்க ஆட்டத்துல கருப்பு ஒசந்து நிக்கணும். கைக்கு அதான் அடையாளம். அதுக்குத்தான் கருப்புப் பட்டைய மட்டும் ஒரு காசு தடிமன் கூட வச்சுச் சீவுனேன்."

அந்த விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. காசு தடிமனைக் கண் இல்லாமல் பிடித்திருக்கின்றன. நான் கண்ணை வைத்துக்கொண்டு அதைக் கெடுத்திருக்கிறேன்.

"முன்னாடியே சொல்லித் தொலச்சா என்ன?" என்று கத்தினேன். என் மேல் இருந்த ஆத்திரம் அவர் மேல் போய் விழுந்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "குகன்கிட்ட வரலன்னு சொல்லிடுறேன். வேற ஆளப் பாத்துக்கட்டும்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். பூசைக்கு வரமாட்டேன் என்ற அதே குரல். இப்போது விட்டால் மறுபடியும் அந்த நாற்காலிதான். போனைப் பிடுங்கினேன்.

"இத சரி பண்ண என்ன செய்யணும்? அத மட்டும் சொல்லுங்க."

"வெள்ளைக் கட்டத்த எல்லாம் செதுக்கிக் கீழ எறக்கணும். பைன் மிருதுவான கட்டதான், சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம். ஆனா அதுக்கு உளி வேணும்."

நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன்.

"அரிசி டின்னுல இருக்கு. எடுத்துட்டு வா."

"எப்படித் தெரியும்?"

"நீ அரிசி அளக்கும்போதெல்லாம் டப்பா அதுல இடிக்குது. கண்ணுதானே போச்சு, காதுமா போச்சு?"

"தெரிஞ்சும் ஏன் எடுக்கல?"

"ஒளிச்சு வச்சது நீ. நீதான் குடுக்கணும்."

உள்ளே போனேன். அரிசிக்குள் கையை விட்டேன். உளியில் ஒட்டிய அரிசியை முந்தானையால் துடைத்து, பிடியை அவர் பக்கம் திருப்பி, கையில் வைத்தேன். அவர் கட்டைவிரலால் கூர்முனையைத் தொட்டுப் பார்த்தபோது பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"வெள்ளை எங்க முடியுதுன்னு எனக்கு இப்பத் தெரியாது. நீ அழிச்சிட்ட," என்றார். "கருப்பும் வெள்ளையும் சேர்ற கோட்டு மேல உன் வெரல வை. அதத் தொட்டுக்கிட்டே செதுக்குறேன்."

நான் என் விரலைப் பார்த்தேன், உளியைப் பார்த்தேன்.

"பயமா இருக்கா?"

"ஆமா."

"எனக்குந்தான்."

விரலைக் கோட்டின் மேல் வைத்தேன். அவருடைய இடது கை தேடி வந்து என் நகத்தைத் தொட்டது. உளியின் பக்கம் என் விரலில் சில்லென்று பட்டது, வெள்ளைக் கட்டையில் முதல் சுருள் எழும்பியது. அந்தக் கட்டம் முடிந்ததும், அவர் கேட்பதற்கு முன்னாலேயே விரலை அடுத்த கோட்டுக்கு நகர்த்தி வைத்தேன்.