வெயிலில் போட்ட கட்டில்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஹாரியட் அம்மாளைத் தெரியாதவர்கள் அப்போது கிடையாது. பெண்பிள்ளைகளின் போர்டிங் பள்ளிக்கூடத்தை முப்பத்தெட்டு வருஷமாகத் தனியாளாய்க் கட்டி மேய்த்தவள். மாட வீதியில் குடை பிடித்து நடந்தால் நாமம் போட்டவர்களும் நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்கள். தான் சீமையில் பிறந்தவள் என்பது அவளுக்கே பல நாள் ஞாபகம் இருக்காது. ஒருமுறை லீவில் ஊருக்குப் போனபோது, தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்காரும்போதே "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். தம்பி பெண்டாட்டி ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், அதற்கப்புறம் அந்த வீட்டில் ஹாரியட் அம்மாள் வாயைத் திறந்தது குறைவு.

நாற்பத்தேழாம் வருஷம், ஆடி மாதம். வெள்ளைக்காரன் மூட்டை கட்டுகிறான் என்பதுதான் காப்பிக் கடைகளில் எல்லாம் பேச்சு. ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராய் இருந்த டாயில் துரை போன மாதமே புறப்பட்டுவிட்டார். போகும் முன் வீட்டுச் சாமான்களை முற்றத்தில் பரப்பி ஏலம் விட்டார். ஊரே திரண்டு வந்து கட்டில் முதல் முட்டை அடிக்கும் கரண்டி வரை அள்ளிக்கொண்டு போனது. டாயிலின் மனைவி ஒருத்திதான் ஹாரியட் அம்மாளுக்கு இங்கிலீஷில் பேசக் கிடைத்த துணை. அவளை வழியனுப்ப ராஜபாளையம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தபோது, ரயில் ஜன்னலில் இருந்துகொண்டு அவள் கேட்டாள்: "நீ யாரை நம்பி இங்கே இருக்கப் போகிறாய்?" ஹாரியட் அம்மாள் சிரித்துவிட்டாள். வீடு வந்து சேர்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

மிஷன் செக்ரட்டரி திங்கட்கிழமை வருவதாக இருந்தார். கப்பலில் இடம் பேசி வைத்திருக்கிறோம், போவதும் இருப்பதும் உன் இஷ்டம், அன்றைக்கு ஒரு முடிவு சொல்லிவிடு என்பது அவர் பேச்சு. ஹாரியட் அம்மாளுக்கு இருக்கத்தான் ஆசை. தம்பி வீட்டில் பின்கட்டு அறை ஒன்று காத்திருந்தது. குளிருக்குப் பயந்து வருஷத்தில் பாதி நாள் ஜன்னல் திறக்க முடியாத அறை. ஆனால் இருக்கிறேன் என்று தானாகச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இனி இது இந்த ஊர் ஜனங்களின் தேசம். அவர்களில் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'போகாதிய அம்மா' என்று சொன்னால் போதும், காலை நீட்டி உட்கார்ந்துவிடலாம். வாய்விட்டு யாரிடமும் அதைக் கேட்க மாட்டாள். அந்த வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

யாரும் சொல்லவில்லை. வேதக் கோயிலுக்குப் போனால் சபை மூப்பர் "கப்பல் என்னைக்கும்மா?" என்பார். கடைக்குப் போனால் "அங்க இப்பக் குளிராம்மா?" என்பார்கள். எல்லாம் மரியாதையாகத்தான். அந்த மரியாதையைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு நெஞ்சு காய்ந்துபோனது.

ஆண்டாள் தேருக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. போர்டிங் பிள்ளைகள் எல்லாரும் வத்திராயிருப்புப் பக்கமும் மற்ற ஊர்களுக்கும் போயாயிற்று. பிள்ளைகள் இல்லாத அந்தக் கட்டடத்தில் அவள் செருப்புச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. இரவெல்லாம் மூட்டைப்பூச்சிக் கடி வேறு. காலையில் சமையல்காரர் ஏசுவடியானைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் வெளிய எடுத்து வெயில்ல போடுங்க. கட்டில், நாற்காலி, பீரோ, ஒண்ணும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஊர்க்கோடியில் மடவார் வளாகத்தில் காய்ச்சலில் கிடந்த பழைய மாணவி ஒருத்தியைப் பார்க்கப் போனாள். என்னத்துக்கு என்று அவள் சொல்லவில்லை. அவள் எப்போதும் எதற்கும் காரணம் சொல்லுகிற வழக்கம் கிடையாது, ஏசுவடியானும் கேட்கிற வழக்கம் கிடையாது.

பத்துமணி வெயிலில் திரும்பி வந்தவள் தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். பள்ளிக்கூடத்து வாசலில் ஒரே கூட்டம். சபையார் நிற்கிறார்கள், கடைக்காரர்கள் நிற்கிறார்கள், பழைய மாணவிகள் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறார்கள், தேருக்கு வந்த வெளியூர்க்காரர்கள்கூட நிற்கிறார்கள். ஹாரியட் அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. திங்கட்கிழமை செக்ரட்டரி வரும் செய்தி தெரிந்து, போகவேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து கேட்டுக்கொள்ள வந்திருக்கிறார்கள்! இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்ததெல்லாம் இதற்குத்தானா? நடையை எட்டிப் போட்டாள். என்ன பதில் சொல்வது, உடனே சரி என்பதா, செத்த நேரம் யோசிக்கிற மாதிரி நிற்பதா என்றுகூட நினைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கேட்டுக்குள் நுழைந்தாள்.

கருப்பட்டிக் கடை தனுஷ்கோடி முதலில் ஓடி வந்தார். "வாங்கம்மா, உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். அந்தத் தேக்கு மேச என்ன வெலைக்கு விடுதிய? எனக்கே தந்திரணும், வேற ஆளுக்குக் கொடுத்திராதிய."

ஹாரியட் அம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேப்பமரத்தடியில் அவள் சாமான்கள் எல்லாம் கிடந்தன. ராஜபாளையத்திலிருந்து தேருக்கு வந்த ஓர் அம்மாள் பீரோக் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டே புருஷனிடம் தெலுங்கில் என்னவோ ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சபை மூப்பர் கட்டிலின் காலைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாரியட் அம்மாள் படுத்துப் படுத்துப் பள்ளம் விழுந்த மெத்தையை யாரோ இரண்டு பேர் தூக்கி எடை பார்த்தார்கள்.

"ஏசுவடியான், இது என்ன?"

"ஏலந்தானேம்மா?" என்றார் அவர், பாவம், முகம் வெளுத்து. "எல்லாத்தையும் வெளிய போடச் சொன்னிய. மில் தொரை வீட்டுலயும் இப்படித்தான் போட்டாவ. நம்ம அம்மா முடிவு பண்ணிட்டாவன்னு நெனச்சு நாந்தான் நாலு பேருட்ட சொன்னேன்."

"மூட்டைப்பூச்சி" என்றாள் ஹாரியட் அம்மாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை. கட்டிலைத் தட்டிக்கொண்டிருந்த மூப்பர் வெடுக்கென்று கையை உதறினார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள், பிறகு எல்லாருமே சிரித்தார்கள். கூட்டம் கலைந்தது. போகிறபோது தனுஷ்கோடி நின்று, பிரியமாகத்தான் சொன்னார்: "பரவால்லம்மா. போற அன்னைக்கு ஒரு வார்த்த சொல்லி விடுங்க."

அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. அவமானம் கொஞ்சமா நஞ்சமா! தன் மெத்தையை எடை பார்க்க வந்தவர்களைக் கண்டு கண் கலங்கிய கிறுக்கை யாரிடம் சொல்லி அழுவது? கோபம் கொஞ்சம் ஆறிய பிறகு ஒன்று உறைத்தது. ஊரே வந்த இடத்தில் ஞானபாக்கியம் வரவில்லை.

ஞானபாக்கியம் உபதலைமை ஆசிரியை. சின்ன வயசில் போர்டிங்கில் சேர்ந்து, படித்து, கல்யாணமாகி, தாலியறுத்து, மறுபடி அதே பள்ளிக்கூடத்துக்கே வந்தவள். பின்தெருவில் மிஷன் கொடுத்த சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். ஹாரியட் அம்மாள் அந்த வீட்டுக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். வாசலில் நின்று வேலையைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாள். அன்று சாயங்காலம் குனிந்து உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தாள். ஞானபாக்கியம் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் பதறி எழுந்தாள்.

"இரு. காலையில நீ ஏன் வரல?"

"வந்தா நானும் எதையாவது வெல கேக்கணுமேம்மா. எனக்கு உங்க சாமான் ஒண்ணும் வேண்டாம்."

"அது ஏலமே இல்ல. மூட்டைப்பூச்சிக்குப் போட்டது."

"ஏசுவடியான் அண்ணன் வந்து சொன்னாவ." ஞானபாக்கியம் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஹாரியட் அம்மாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"போகாதியன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்குமா தோணல?" என்றாள் ஹாரியட் அம்மாள். கேட்டே விட்டாள்.

ஞானபாக்கியம் சுளகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க எங்களக் கேக்கலையேம்மா. கிணறு வெட்டுனிய, கேக்கல. மாடி எடுத்திய, கேக்கல. நீங்க சொல்லுவிய, நாங்க செய்வோம். போறதையும் நீங்களே சொல்லுவியன்னு இருந்தோம்."

குத்தலாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்றது. ஆனாலும் ஹாரியட் அம்மாளுக்கு ஒருபக்கம் தெம்பு வந்தது. கேட்காததுதான் குறை என்றால் கேட்டுவிட்டால் போகிறது! இவள் என்ன சொல்வாள் என்பது தெரியாதா?

"சரி, இப்பக் கேக்கேன். நான் இருக்கவா, போகவா? நீ சொல்லு, அப்படியே செய்யிதேன்."

தெருவில் தேர் பார்த்துவிட்டு வருகிறவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஞானபாக்கியம் சுளகைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

"போங்கம்மா" என்றாள்.

ஹாரியட் அம்மாள் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"இருந்தியன்னா நான் உங்களத் தாங்குவேன். படுத்தா கஞ்சி ஊத்துவேன், பக்கத்துலயே கெடப்பேன். அதுல கொறை வைக்க மாட்டேன். ஆனா எனக்கும் தலை நரைச்சாச்சு. ஒரு வகுப்ப எடம் மாத்தணும்னாலும் உங்க மொகத்தத்தான் பாக்கேன். நீங்க இங்கன இருக்குற மட்டும் என்னால பாக்காம இருக்க முடியாதும்மா. பாத்துக்கிட்டேதான் இருப்பேன். நீங்க கேட்டியேன்னுதான்..."

மேலே பேச முடியாமல் அவள் உடைந்து அழுதாள். பெற்றவளை வீட்டைவிட்டு அனுப்புகிற அழுகை. ஹாரியட் அம்மாளுக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், வரவில்லை. தனக்காக ஒருத்தி இப்படி அழ மாட்டாளா என்றுதானே இத்தனை நாளும் ஏங்கிக்கிடந்தாள்? முக்காலியிலிருந்து இறங்கித் தரையில், உளுந்துக்குப் பக்கத்தில், அவளோடு உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அழாத ஏட்டி" என்றாள். "போயிருதேன். நான் போயிருதேன், அழாத."