வெயில் நாளில் மிகாஸ்

கேரவனுக்குள் ஏறியதும் அராசெலியின் கண்ணில் பட்டது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதம்தான். மூன்று நாள், மூன்று பேர், யாருக்கு எந்த வேலை என்று பச்சை மையில் எழுதியிருந்தது. கழிவறைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்ட வேண்டியது: முதல் நாள் அராசெலி, இரண்டாம் நாள் அராசெலி, மூன்றாம் நாள் பெலென்.

"தப்பா எடுத்துக்காதடி செலி. அந்த நாத்தம் எனக்குக் குமட்டும். நீ இதெல்லாம் பழகினவ" என்று சொல்லிக்கொண்டே பெலென் அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள்.

"எங்க வீட்டுக் கக்கூஸ்லயும் கைப்பிடியை அழுத்தினா தண்ணி வரும்டி."

ஓட்டுநர் இருக்கையிலிருந்து கொன்சாலோ வாய்விட்டுச் சிரித்தான். வண்டி அவன் அப்பாவுடையது. பெலெனைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். கெட்டவன் இல்லை, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் வாழ்க்கையில் வராதவன், அவ்வளவுதான்.

"பழசை மறந்துடு, கடற்கரையில மூணு நாள் இருக்கலாம், வா" என்று பெலென் செய்தி அனுப்பியிருந்தாள். அராசெலி வந்தாள். மறக்க வரவில்லை.

பழசு என்பது இது. மத்ரித் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு இருவருக்கும் சேர்த்து ஒரு ஆய்வேடு. அராசெலி தன் ஊரான அல்மெரியாவுக்கே போய், தக்காளி ஷெட்டில் பெட்டி கட்டும் பெண்களோடு உட்கார்ந்து, அவர்கள் பேச்சைப் பதிவுசெய்து, இருநூறு பக்கம் எழுதினாள். அவள் அம்மா எங்கார்னா அந்த ஷெட்டில் இருபத்தாறு வருடம் நின்றவள். சமர்ப்பிக்க இரண்டு வாரம் இருக்கையில் அப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்ள, அராசெலி ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தாள். திரும்பி வந்தபோது ஆய்வேட்டின் அட்டையில் ஒரே பெயர், பெலெனுடையது. பேராசிரியர் தோளைக் குலுக்கினார். பதிவுக் கருவி பெலெனுடையது; பதிவுகளும் அவளிடம். அராசெலியிடம் இருந்தது வயிற்றெரிச்சல் மட்டும். வேறொன்றை அவசரமாய் எழுதிக்கொடுத்து, தன் குடும்பத்தின் முதல் பட்டத்தைக் குறைந்த மதிப்பெண்ணில் வாங்கினாள்.

இப்போது அது புத்தகமாகப் போகிறது. இரண்டாம் நாள் மாலை, கேரவன்கள் நிற்கும் கடற்கரை முகாமில், வண்டியோரம் விரித்த நிழல்துணிக்கு அடியில் கால் நீட்டியபடி பெலென் அதைச் சொன்னாள்.

"நாளைக்கு மதியம் பதிப்பகத்துலேருந்து புரா மேடம் வர்றாங்க. ஒப்பந்தத்துல கையெழுத்து. அவங்களுக்கு ஷெட்டுப் பொண்ணு ஒருத்தியைப் பாக்கணுமாம். அதான் உன்னை வரச் சொன்னேன்."

"ஓ. நான் காட்சிப் பொருளா?"

"ஐயோ, இப்படிப் பேசாதே! நன்றிப் பக்கத்துல முதல் பேரே உன்னுதுதான். சரி, என்ன சமைக்கலாம் சொல்லு. அவங்களும் இந்த அல்மெரியாக்காரங்கதான். மிகாஸ் பண்ணுடி. உங்க ஆளுங்க தினமும் தின்னுறது அதுதானே?"

அராசெலி வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை.

அல்மெரியாவில் மழை பெய்தால்தான் மிகாஸ். விரல்விட்டு எண்ணுகிற நாள்தான் பெய்யும். முதல் துளி விழுந்ததும் வீட்டுக்கு வீடு சட்டியில் ரவைமாவு ஏறிவிடும். வெயிலில் அதைக் கிளறுகிறவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான். ஒரு நவம்பர் மழையில் எங்கார்னா தக்காளி ஓடும் பெல்ட்டை நிறுத்திவிட்டு, "இன்னிக்கு மிகாஸ்" என்று சொல்லி வெளியே நடந்ததும், பின்னாலேயே அறுபத்திரண்டு பெண்கள் நடந்ததும். அந்த ஷெட் அதன் ஆயுளில் கண்ட ஒரே வேலைநிறுத்தம்.

எழுதியவளுக்கு இது தெரியாமல் இருக்காது. படித்தவளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். அப்படியானால் இவள் படிக்கவே இல்லை. திருடியவள் திருட்டு மூட்டையை அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு வருடமாய் நெஞ்சில் கனன்றது அந்த நிமிடம்தான் கொழுந்துவிட்டது.

"சரி, பண்றேன்" என்றாள்.

"நல்லா வருமா?"

"எங்கம்மா கைப்பக்குவம்."

மறுநாள் அனல் காற்று. கேரவனின் இரட்டை அடுப்பில் சட்டியை ஏற்றி, பூண்டை எண்ணெயில் சிவக்கவிட்டு, மாவைக் கொட்டி, முக்கால் மணி நேரம் கை ஓயாமல் கிளறினாள். வியர்வை கழுத்து வழியாக இறங்கியது. மாவு உதிரி உதிரியாய் வந்தது. மத்தி மீனையும் மிளகாயையும் பொரித்தாள். வாழ்க்கையில் இவ்வளவு ஆசையாக அவள் சமைத்ததே இல்லை.

புராவுக்கு அறுபது வயதிருக்கும். குட்டை முடி, பெரிய தோள்பை. பெலென் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, "இவ என் தோழி. என் புத்தகத்துல வர்ற குடும்பத்துப் பொண்ணு" என்று அறிமுகம் செய்தாள். கொன்சாலோ ஒயினை ஊற்றினான். அராசெலி சட்டியைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தாள்.

புரா சட்டியைப் பார்த்தாள். பிறகு நிழல்துணிக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை மல்லாத்திச் சற்றுநேரம் வைத்திருந்தாள்.

"எங்க பெய்யுது?" என்றாள்.

"என்ன மேடம்?" என்றாள் பெலென்.

"மழை."

பெலென் சிரித்தாள். "இது இங்க எல்லாரும் தினமும் சாப்பிடுறதுதானே மேடம்! ஷெட்டுல மதியத்துக்கு மதியம் இதுதான். அந்த அம்மாங்களோட தரையில உக்காந்து நானே எத்தனை நாள் சாப்பிட்டிருக்கேன்."

நுணலும் தன் வாயால் கெடும். அராசெலி ஒரு மத்தியை எடுத்து முள்ளை நிதானமாக உருவினாள்.

"மூணாவது அத்தியாயம். எங்கார்னா பெல்ட்டை ஏன் நிறுத்தினா?" என்று கேட்டாள் புரா.

"அது வந்து... சம்பளப் பிரச்சனை மேடம்."

"அவ்வளவுதானா?"

"பெண்களோட ஒற்றுமை... உரிமை..." பெலென் கழுத்து சிவந்தது. கண் அராசெலியிடம் ஓடியது. அராசெலி மீனை விட்டு நிமிரவில்லை.

"மேடம், இன்னும் கொஞ்சம் ஒயின்?" என்றான் கொன்சாலோ.

"வேண்டாம் தம்பி." புரா அராசெலி பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இந்த வெயில்ல இதைக் கிளறினியே, உனக்காவது தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் செஞ்சே?"

"அவ செய்யச் சொன்னா. செஞ்சேன்."

"எங்கார்னா உனக்கு யாரு?"

"எங்கம்மா."

"அன்னிக்கு மேஸ்திரிகிட்ட என்ன சொன்னாங்க?"

அராசெலி துணியில் கையைத் துடைத்தாள். அந்தப் பக்கத்தை அவள் பதினொரு முறை திருத்தி எழுதியிருந்தாள். "பெல்ட்டை நிறுத்தினது நான் இல்லை, மழை. தைரியம் இருந்தா மழையை..."

"...வேலையை விட்டுத் தூக்கு" என்று புரா முடித்தாள். "நேத்து ராத்திரி ரெண்டு தடவை படிச்சேன்."

புரா மட்டும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். மாவு என்ன பாவம் செய்தது. முடித்ததும் மேசைமேல் இருந்த ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

"மேடம், கையெழுத்து..." என்றாள் பெலென்.

"எழுதினவங்க போடட்டும்." எழுந்து அராசெலியின் தோளைத் தட்டினாள். "திங்கக்கிழமை ஆபீசுக்கு வா பொண்ணே. அம்மாவையும் கூட்டிட்டு வா."

அவள் கார் புழுதிக்குள் மறைந்ததும் பெலென் வெடித்தாள். "வேணும்னே பண்ணினே!"

"ஆமா."

"வெயில்ல பண்ணக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"மூணாவது அத்தியாயத்துல நாப்பது பக்கம் சொல்லியிருக்கேனே."

பெலெனுக்கு அழுகை வந்தது. அழுகையிலும் பேரம் பேசினாள். "ரெண்டு பேர் பேரும் போட்டுக்கலாம்டி. நான்தானே மேடத்தைப் பிடிச்சேன். ப்ளீஸ்."

"ஒரு பேர்தான். நீ போட்ட மாதிரியே."

உள்ளேயிருந்து கொன்சாலோ கத்தினான்: "ஏய், தொட்டி நிறைஞ்சு சிவப்பு விளக்கு எரியுது! யாராவது வாங்க!"

பெலென் பழக்கதோஷத்தில் அராசெலியைப் பார்த்தாள். அராசெலி வண்டிக்குள் ஏறி, தன் பையை எடுத்துத் தோளில் மாட்டி, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கினாள். மூன்றாம் நாள் என்ற வரி மேலே தெரியும்படி மடித்து பெலெனின் கையில் திணித்தாள்.

"யார் பேரு எழுதியிருக்கோ அவங்கதான் தூக்கணும்."

நாலு மணிப் பேருந்து முகாம் வாசலில் வந்து நின்றது. அராசெலி ஏறவில்லை, அடுத்தது ஆறரைக்குத்தான் என்று தெரிந்தும் ஏறவில்லை. சுவர்மேல் உட்கார்ந்தாள். பெலென் மூக்கைப் பொத்திக்கொண்டு, தொட்டியை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி, முகாம் முழுக்க வேடிக்கை பார்க்க, அந்தக் கோடிவரை நடந்து போய்க் கொட்டிவிட்டுத் திரும்பும்வரை, கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.