தேன்பருந்து இல்லை

எலினெட்டை ஊரில் முதுகுக்குப் பின்னால் 'இல்லை அம்மாள்' என்றுதான் சொல்வார்கள். வேல்ஸ் மலையடிவாரத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அதோடு மாவட்டப் பறவைப் பதிவாளர். சம்பளம் கிடையாது, சாபம் மட்டும் தாராளமாகக் கிடைக்கும். யார் எந்தப் பறவையைப் பார்த்தாலும் படிவத்தை நிரப்பி அவளிடம் தர வேண்டும். அவள் கையெழுத்துப் போட்டால்தான் பதிவேட்டில் ஏறும். பொன்னிறக் கழுகைப் பார்த்துவிட்டேன் என்று மூச்சிரைக்க ஓடிவந்த டாக்டரிடம், அது எதன்மேல் உட்கார்ந்திருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தந்திக் கம்பத்தின்மேல் என்றார். தந்திக் கம்பத்தில் உட்காருவது சாதாரணப் பருந்து என்று சொல்லிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். டாக்டர் ஒரு வருஷம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படி இருக்கையில், ஹெலிக் காட்டை அழித்துக் கல் குவாரி போட ஒரு கம்பெனி கிளம்பி வந்தது. காட்டோரத்தில் முதல் வீடே எலினெட்டுடையதுதான். அங்கே வெடி வைத்தால் முதலில் விரிசல் விடுவது அவளுடைய சமையலறைச் சுவர். ஊரில் வேறு யாருக்கும் குறையாமல் அவளும் அந்தக் குவாரியை வெறுத்தாள்.

ஜூன் மாதம் மெய்ரியன் ஒரு புகைப்படத்தோடு வந்து நின்றான். இறந்துபோன அவள் கணவன் குவிலிமின் தம்பி. ஆடு வளர்க்கிறவன், குவாரி எதிர்ப்புக் குழுவுக்குத் தலைவன். படத்தில் ஓக் மரங்களுக்கு மேலே நீண்ட வாலும் ஒடுங்கிய தலையுமாக ஒரு பறவை மிதந்துகொண்டிருந்தது. தேன்பருந்து என்றான். தேன்பருந்துக்குக் குளவிப் புழுதான் தீனி; மரத்தடியில் தோண்டிப் போட்ட குளவிக்கூட்டையும் பார்த்தானாம். நாட்டிலேயே அபூர்வமான பறவை. அது இங்கே கூடு கட்டியிருக்கிறது என்று பதிவாகிவிட்டால் காட்டில் ஒரு கிளையைக்கூட எவனும் தொட முடியாது.

அது தேன்பருந்தாகவே இருக்கக்கூடாதா என்று எலினெட்டுக்கும் அடித்துக்கொண்டது. மூன்று நாள் விடியற்காலையில் தொலைநோக்கியோடு காட்டுக்குள் போய் உட்கார்ந்தாள். வட்டமடிக்கும்போது தேன்பருந்து சிறகைத் தட்டையாக வைத்திருக்கும். இதுவோ இரண்டு சிறகையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, பூனை மாதிரி கத்திக்கொண்டு சுற்றியது. குளவிக்கூட்டைத் தோண்டியது மண்ணில் வளை பறித்து வாழும் வளைக்கரடி. ஐந்து நகமும் மண்ணில் பதிந்திருந்தது. சிறகில் இறகு ஒன்றிரண்டு உதிர்ந்து சிறகு ஒடுங்கியிருந்ததால் படத்தில் வால் நீளமாகத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஊர்க்கூடத்தில் தேநீரும் கேக்கும் வைத்து, படிவத்தையும் பேனாவையும் மேசைமேல் எடுத்து வைத்துக் காத்திருந்தார்கள். அவள் இல்லை என்றாள். ஆளாளுக்குக் கத்தினார்கள். நீ யார் பக்கம், கம்பெனிக்காரன் பக்கமா என்று ஒருத்தி கேட்டாள். பொய்ப் பதிவை வைத்துக் காட்டைக் காப்பாற்றினால், நாளைக்கு நிஜமாகவே ஒன்று வரும்போது எவன் நம்புவான் என்று எலினெட் கேட்டது யார் காதிலும் ஏறவில்லை. மெய்ரியன்தான் கடைசியில் அடிமடியிலேயே கை வைத்தான்.

"எங்கண்ணன் சாகக் கிடக்கறப்ப ஜன்னல் வழியா மீன்பருந்தைப் பார்த்தேன்னு சொன்னான். அதுக்கே 'உறுதியாகவில்லை'ன்னு எழுதினவ நீ. உனக்குக் காடு போனா என்ன, வீடு போனா என்ன?"

எலினெட் பேனாவை எடுத்து அவன் சட்டைப் பையிலேயே சொருகினாள்.

"எழுதினதைப் பார்த்துட்டு உங்கண்ணன் சிரிச்சார், மெய்ரியன். வேற மாதிரி எழுதியிருந்தா நீ என் பொண்டாட்டியே இல்லைன்னார். அவருக்கே போடாத கையெழுத்தை உனக்குப் போடுவேனா?"

மறுநாளே, ஹெலிக் காட்டில் இருப்பது தேன்பருந்து இல்லை, சாதாரணப் பருந்து என்று, குவாரிக்கு அனுமதி தரலாமா என்று விசாரிக்கவிருந்த அரசு அதிகாரிக்குத் தானே கடிதம் போட்டாள். அவளைப் பதிவாளர் பொறுப்பிலிருந்து நீக்க ஊரே மனு எழுதியது. டாக்டர் முதல் கையெழுத்து.

ஜூலையில் விசாரணை. கம்பெனி வக்கீல் அந்தக் கடிதத்தைத் தேன் ஒழுக வாசித்தார். சொந்த ஊரே பகைத்துக்கொண்டாலும் உண்மையைச் சொன்ன பெண்மணி இவர். இவரைவிட நேர்மையான சாட்சி இந்த மாவட்டத்திலேயே கிடையாது. இவருடைய ஒவ்வொரு சொல்லையும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பின்வரிசையில் மெய்ரியன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று அதிகாரி கேட்டார்.

எலினெட் எழுந்தாள்.

கம்பெனியின் நிபுணர் தந்த அறிக்கையை எடுத்துப் பதினொன்றாம் பக்கத்தைப் புரட்டினாள். மே மாதம் மூன்று நாள் காடு முழுக்க நடந்ததாகவும், வேட்டைப் பறவை எதற்கும் அங்கே கூடே இல்லை என்றும் எழுதியிருந்தது. ஓடையோர ஓக் மரத்தில் சாதாரணப் பருந்து ஏப்ரலிலேயே கூடு கட்டிவிட்டது, இப்போது இரண்டு குஞ்சு இருக்கிறது என்றாள். அந்தப் பக்கம் காலெடுத்து வைத்தாலே தாய் தலைக்குமேல் வந்து கத்தும். மூன்று நாள் நடந்தும் அதைப் பார்க்கவில்லை என்றால் அந்த ஆள் காட்டுக்கே வரவில்லை. பறவையையே பார்க்காமல் எழுதினவர், வெடித்தூசியால் கெடுதல் இல்லை, ஊற்றுத் தண்ணீர் வற்றாது என்பதை மட்டும் பார்த்தா எழுதியிருப்பார்?

வக்கீல் பதறி எழுந்தார். இது வெறும் வாய்ப்பேச்சு, இதை எப்படி நம்புவது என்றார்.

"நீங்கதானே சார் இப்ப சொன்னீங்க, என்னைவிட நேர்மையான சாட்சி கிடையாதுன்னு. ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கச் சொன்னீங்க. இதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

அதிகாரி அந்த அறிக்கையை மூடி ஒதுக்கி வைத்தார். நாளைக் காலை தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், அதுவரை விசாரணை நிற்கட்டும் என்றும் சொல்லிவிட்டு, அந்த மரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

"வாங்க, நானே காட்டறேன்," என்றாள் எலினெட். "தொப்பி போட்டுட்டு வாங்க. சாதாரணப் பருந்துதான், ஆனா தலையில அடிக்கும்."